ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய்

டாலிகஞ்ச் வாழ் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்குக் கடலுக்கு அப்பால் பழக்கமான பெருநகர்கள் இரண்டு. ஒன்று சென்னை, மற்றொன்று கல்கத்தா. அக்கல்கத்தாவில் வாழ்ந்து பாரத நாட்டு இரசாயனக் கலையை வளர்த்த ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் அவர்களின் சரிதத்தை இம்மலரில் நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், இன்று வங்க தேசத்தைச் சேர்ந்த ராருளி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். ஆயினும் வெள்ளையர்க்கே பெரிதும் உரியதாயிருந்த உயர்தரக் கல்விப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1889-இல் பிரசிடென்சிக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய்க்கு உதவிப் பேராசிரியராக அமர்ந்தார்.

1896-இல் ஒரு நாள், பாதரசத்தின் மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தை வார்த்து வைத்தார். அவர் வேண்டியது மெர்க்குரஸ் நைட்ரேட்டு என்னும் உப்பு. படிந்ததோ மஞ்சள் நிறப் பளிங்கு. கார உப்பாயிருக்குமோ என்று முதலில் ஐயுற்றார். அமிலம் மிகுந்த கரைசலில் அது தோன்றுவது வழக்கமன்று. முதற் சோதனைகள் நைட்ரைட்டு என்றன. ஆனால் அத்தகைய உப்பைத் தனித்த பளிங்காக எவரும் அறிந்ததில்லை. அறியாத பொருளுக்குப் பெயரிட வேண்டுமானால் அதன் கூறுகளை அளந்தே தீர வேண்டும்.

பாதரச உப்பை எடையால் அறியும் வழி இது: உப்பை நிறுத்துக் கரைத்து, அதிலுள்ள பாதரசம் முழுவதையும் கரிய சல்பைடாக வீழ்படியச் செய்து, வடித்து, கழுவி, உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். நூறு பங்கு நைட்ரைட்டில் பாதரசம் சுமார் 81 பங்கு. நீர் சேராத நைட்ரேட்டிலோ சுமார் 76. ஒரு கிராம் நைட்ரைட்டு 0.94 கிராம் சல்பைடு தரும், நைட்ரேட்டு 0.89 கிராமே தரும். இடைப்பட்ட வேறுபாடு ஏறக்குறைய அரைக் குன்றிமணி! நம் பொற்கொல்லர் அறிவர் அந்நுட்பத்தை. வீழ்படிவில் ஈரம் சிறிது எஞ்சினும் விடை பிழைபடும். உதவிப் பேராசிரியரா, உயர்தரப் பேராசிரியரா என்று தராசு கேட்பதில்லை அன்றோ? அப்பளிங்கு மெர்க்குரஸ் நைட்ரைட்டே என்று துணிந்து, வங்காள ஆசியக் கழகத்தின் ஏட்டில் அதனை வெளியிட்டார்.

வங்காள இரசாயனத் தொழிற்சாலையை நிறுவியதும், இந்து இரசாயன வரலாற்றை 1902-லும் 1909-லும் இரு பாகங்களாக எழுதியதும் யாவரும் அறிந்தவை. மணம் புரியாது, கல்லூரியின் ஓர் அறையிலேயே வாழ்ந்தார். அறுபது வயதுக்குப் பின் தம் ஊதியத்தைச் சர்வகலாசாலைக்கே அளித்து வந்தார். 1944 ஜூன் 16-இல் மறைந்தார். 1980-களில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அவ்வுப்பின் அமைப்பை ஆராய்ந்தோரும் அதனை நைட்ரைட்டென்றே கண்டனர்.