ராம்கரில் உருவான சீனப்படை

அமெரிக்கத் தளபதி ஜோசப் ஸ்டில்வெல் (1883–1946) சீன மொழி கற்றவர். கடுஞ்சொல்லால் 'வினிகர் ஜோ' என்று பெயரெடுத்தவர். 1942-ல் சியாங் கை ஷேக்கின் படைத் தலைமை அலுவலராகச் (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்) சென்றார். அவ்வாண்டே பர்மா வீழ்ந்தது; நூறு பேருக்கு மேற்பட்டோருடன் காட்டு வழியே நடந்து இம்பால் சேர்ந்தார்.

சீனாவின் 30 டிவிஷன்களுக்கு அமெரிக்க ஆயுதம் அளிப்பது அவர் திட்டம். பர்மா சாலையோ மூடிவிட்டது. இமயத்தைத் தாண்டி விமானங்கள் சுமந்த சரக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி! அதிலும் பெரும்பங்கைத் தம் விமானப்படைக்குக் கேட்டார் தளபதி செனால்ட். ஆயுதத்தைச் சிப்பாயிடம் அனுப்ப முடியாவிட்டால் சிப்பாயை ஆயுதத்திடம் அழைத்து வருவோம் என்று ஸ்டில்வெல் தீர்மானித்தார்.

திரும்பும் விமானங்களில் சீன வீரர்கள் இந்தியா வந்தனர். அன்றைய பீகாரில், இத்தாலியக் கைதிகள் இருந்த ராம்கர் முகாமில் பயிற்சி. உணவும் சம்பளமும் பிரிட்டன் பொறுப்பு. துப்பாக்கியும் பீரங்கியும் அமெரிக்காவுடையவை. சம்பளம் அதிகாரிகள் கையில் கரையாமல் நேரே சிப்பாயிடம் சேர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

அப்படை அமெரிக்கர்களுடன் சேர்ந்து 1944 ஆகஸ்டில் மிச்சினாவைப் பிடித்தது. சீனப் படை முழுவதையும் அவரிடம் ஒப்படைக்கும்படி ரூஸ்வெல்ட் வற்புறுத்தினார். சியாங் மறுத்தார், அக்டோபரில் ஸ்டில்வெல் திரும்ப அழைக்கப்பட்டார். 1945-ல் லெடோ சாலை திறந்தபோது அதற்கு ஸ்டில்வெல் பெயரைச் சூட்டியவரும் சியாங்தான். மறு ஆண்டு அக்டோபரில் அவர் புற்றுநோயால் காலமானார்.