அஞ்சாது உண்மை உரைத்த இராச்சேல் கார்சன் அம்மையார்

மக்கள் நலம் கருதி அறிஞர் ஒருவர் உண்மையைக் கூறும்போது, அதனால் தம் வாணிகம் குன்றுமென எண்ணுவோர் அவரை அச்சுறுத்த முற்படுவது உலகில் புதிதன்று. அவ்வச்சுறுத்தலுக்கிடையே தளராது நின்றவருள் முதல்வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர், அமெரிக்க நாட்டு இராச்சேல் கார்சன் அம்மையார். நம் சங்கத்து இளையோர் அறியும்பொருட்டு அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கின்றோம்.

அம்மையார் 1907ஆம் ஆண்டு மே திங்கள் 27ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்து ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1932இல் முதுகலைப் பட்டம் பெற்றார். தந்தையார் மறைந்தபின் குடும்பப் பொறுப்பைத் தாங்கி, அரசின் மீன்வளத் துறையில் பணியாற்றிக்கொண்டே கடலைப்பற்றி எழுதினார். 1951இல் வெளிவந்த நூலொன்று பெரும்புகழ் தரவே, மறு ஆண்டு பணியினின்று விலகி எழுத்தையே தொழிலாகக் கொண்டார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் டி.டி.டி. முதலிய பூச்சிமருந்துகள் வயல், காடு, வீட்டுத் தோட்டம் என்ற வேறுபாடின்றித் தெளிக்கப்பட்டன. பறவைகளும் மீன்களும் மடிவதையும், நஞ்சின் எச்சம் உணவின்வழி மனித உடலில் தங்குவதையும் அம்மையார் பல்லாண்டு ஆராய்ந்து, ‘மௌன வசந்தம்’ என்னும் நூலை இயற்றினார். மருந்துகளை அறவே ஒழிக்குமாறு அவர் கூறினாரல்லர். அளவிறந்த பயன்பாட்டையே கண்டித்தார். அதனால் கொசுக்களே மருந்துக்கு அடங்காமற்போய், நோய்த்தடுப்பும் கெடும் என எச்சரித்தார்.

1962 ஜூனில் நூலின் பகுதிகள் இதழொன்றில் வெளிவந்ததும் மருந்துத் தொழிலார் கொதித்தெழுந்தனர். வெல்சிகால் என்னும் நிறுவனம் வழக்குத் தொடுக்க நேருமெனப் பதிப்பகத்துக்கு எழுதிற்று. அம்மையார் உணர்ச்சிவயப்பட்ட பெண்மணி எனச் சிலர் இகழ்ந்தனர். எனினும், அத்தியாயங்களை முன்னரே வல்லுநர்க்குக் காட்டித் திருத்தியிருந்தார். சான்றுகளை நூலின் இறுதியில் நிரல்படத் தந்திருந்தார். பதிப்பகத்தாரும் தனித்த வல்லுநர் ஒருவரைக் கொண்டு ஆய்வித்து, பணியாது, செப்டம்பரில் நூலை வெளியிட்டனர். 1963 ஏப்ரலில் தொலைக்காட்சியில் அம்மையார் தோன்றவிருந்தபோது விளம்பரதாரர் மூவர் விலகினர். நிலையத்தார் ஒளிபரப்பையே கைவிட்டாரல்லர். குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியற் குழு மே திங்களில் அளித்த அறிக்கை அவர்தம் எச்சரிக்கையைப் பெரிதும் ஏற்றது.

இவ்வளவும் நிகழ்ந்தபோது அவர் மார்புப் புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்தார். பகைவர் அதனையும் படைக்கலமாக்குவர் என்று கருதி நோயை மறைத்தே பணியாற்றினார். 1964 ஏப்ரல் 14இல், 56ஆம் வயதில் மறைந்தார். 1972இல் அமெரிக்கா வேளாண்மையில் டி.டி.டி.யை விலக்கிற்று.

இஃது எங்கோ நிகழ்ந்த கதையன்று. நம் கருநாடகத்துத் தென்கன்னடத்திலும் அண்டையிலுள்ள காசர்கோட்டிலும் முந்திரித் தோப்புகளின்மேல் வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. ஊராரும் மருத்துவரும் பல்லாண்டு முறையிட்ட பின்னரே, 2011 மே 13இல் உச்சநீதிமன்றம் அதனைத் தடைசெய்தது.

அம்மையாரின் துணிவு பெரிது. அவரைக் கைவிடாதாரின் துணையும் பெரிது. பெங்களூரில் மருத்துவமும் அறிவியலும் பயிலும் நம் மக்களுள் ஒருவர் நாளை பிறர்நலம் கருதி உண்மை உரைப்பின், அவரைத் தனித்து நிற்கவிடாது காத்தல் நம் கடனாகும். வாழ்க அம்மையார் புகழ்!