எம்டன் கப்பலும் செண்பகராமன் பிள்ளையும்

நமது படப்பை வழியே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றுட் பல, 2012-ம் ஆண்டு முதல் ஒரகடத்தில் நடந்துவரும் ஜெர்மானியத் தொழிற்சாலையில் பிறந்தவை. இக்கால வாலிபர்களுக்கு ஜெர்மனி என்றால் உத்தியோகம். அவர்களுடைய பூட்டனாருக்கோ ஜெர்மனி என்றால் எம்டன். அடங்காத ஆளையும் சூழ்ச்சிக்காரனையும் ‘எம்டன்’ என்றழைக்கும் வழக்கம் இன்றும் நம் ஜனங்களிடம் உண்டு. அந்தப் பெயரோடு பிணைத்துப் பேசப்படுகிற தமிழர் ஒருவருடைய சரித்திரத்தை உள்ளவாறே எடுத்துரைப்பது நமது கடமையென்று கருதுகிறோம்.

1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, காப்டன் வான் முல்லர் தலைமையில் வந்த எம்டன் என்னும் ஜெர்மன் யுத்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது ஏறக்குறைய 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. மறுநாள் முதல் ஆயிரக்கணக்கான ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரத்தை விட்டு ஓடினார்கள். முற்காலத்திலும் இப்பிரதேசம் யுத்தத்தை அறியாததன்று. பக்கத்திலுள்ள மணிமங்கலத்தில்தான் நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை முறியடித்தான். ஆனால் அது நம் மன்னனுடைய யுத்தம். 1914-லோ, ஐரோப்பிய மன்னர்களின் பகைக்காகச் சென்னைவாசி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினான்.

அந்தக் கப்பலில் டாக்டர் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவரே குண்டு வீச வழிகாட்டினார் என்று ஒரு கதை தமிழ்நாடு முழுதும் பரவியிருக்கிறது. மேடைகளிலும் இதைக் கேட்கிறோம். கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் நடந்திருக்க முடியாதது. எம்டன் சீனக் கரையிலுள்ள ட்ஸிங்டாவ் துறையிலிருந்து புறப்பட்டு வங்கக் கடலுக்கு வந்தது. அச்சமயம் பிள்ளையவர்களோ ஐரோப்பாவில் இருந்தார். ஏறாத கப்பலில் அவரை ஏற்றுவானேன்? அவர் உண்மையில் செய்ததும் பட்டதும் போதாவா?

நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் குடும்பத்தில் சின்னசாமிப் பிள்ளைக்கும் நாகம்மாளுக்கும் புதல்வராக, 1891-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி திருவனந்தபுரத்தில் அவர் ஜனனமானார். தகப்பனார் திருவாங்கூர் போலீஸில் சேவகம் பார்த்தவர். ஸர் வால்டர் ஸ்ட்ரிக்லண்ட் என்னும் ஆங்கிலேயப் பிராணி சாஸ்திரியின் பழக்கத்தால், 1908-ல் கப்பலேறினார். ஆங்கிலேயரொருவரே இவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார் என்பது விதியின் வேடிக்கை. பின்னர் ஸூரிச் நகரில் இஞ்சினீயரிங் கற்றார். இந்திய விடுதலைக்காக அங்கே ஒரு சர்வதேசக் கமிட்டியை அமைத்து, பத்திரிகையும் நடத்தினார். யுத்தம் மூண்டதும் பெர்லினுக்குச் சென்று, வீரேந்திரநாத் சட்டோபாத்யாயர் முதலானோருடன் இந்தியச் சுதந்திரக் கமிட்டியில் கலந்துகொண்டார். 1915 டிசம்பரில் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் ஸ்தாபித்த தற்காலிக இந்திய ஸர்க்காரில் இவருக்கு அந்நிய நாட்டு மந்திரி பதவி அளிக்கப்பட்டது. ‘ஜய ஹிந்த்’ என்ற கோஷத்தையும் இவருக்கே உரியதாகச் சொல்வோர் உண்டு. ஆபித் ஹஸனுக்கு உரியதென்பாரும் உண்டு. அந்த வழக்கில் நாம் இறங்கவில்லை.

அதே யுத்தத்தில் மற்றத் தமிழர் எங்கே நின்றார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறையில் இறக்கப்பட்ட பிரிட்டிஷ் சேனையில் 63-வது பாளையங்கோட்டைக் காலாட்படையும் இருந்தது. நெடிய கடற்பயணத்தால் சோர்ந்து, போதிய பயிற்சியுமின்றி இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே நிறுத்தப்பட்ட அச்சிப்பாய்கள் சிதறிப் பின்வாங்கினார்கள். திட்டமிட்ட ஜெனரல்களின் பிழை சிப்பாய்களின் கோழைத்தனமாகப் பேசப்பட்டது. செண்பகராமன் யாரைத் துணைவரென நம்பினாரோ, அவர்களுடைய குண்டுக்கே சென்னை ராஜதானிச் சிப்பாய் இரையானான். இருவருள் தேசத்துரோகி யார்? ஒருவருமில்லை என்பதே நமது அபிப்பிராயம். காந்தியடிகளே 1918-ல் கேடா ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்து பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தாரன்றோ? பிரிட்டனுக்கு உதவினால் சுயராஜ்யம் வருமென்று ஒரு சாரார் நம்பினார்கள். ஜெர்மனி ஜயித்தால் வருமென்று மற்றொரு சாரார் நம்பினார்கள்.

இரு நம்பிக்கையும் பொய்த்தன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். அவர்களில் ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. யுத்தச் செலவுக்காக இந்தியா 1917-ல் பத்துக் கோடி பவுன் கொடுத்தது. இவ்வளவுக்கும் 1919-ல் கிடைத்த பிரதி உபகாரம் ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும். சிப்பாய்களுடன் கப்பலில் வந்த விஷ ஜுரமோ, 1918-ல் தொடங்கி நம் நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. துப்பாக்கியைக் கண்ணாலும் கண்டறியாத கிராமத்துத் தாய்மார்களும் குழந்தைகளும் யுத்தத்துக்குப் பலியானது இவ்வாறே.

பெர்லினிலும் ஜனங்கள் சுகப்படவில்லை. பிரிட்டிஷ் கடல் முற்றுகையால் 1916–17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கும் அகப்படாமல், கால்நடைத் தீவனமான கிழங்கைத் தின்று ஜெர்மன் ஏழைகள் காலந்தள்ளினார்கள். பேரரசின் பலத்தை நம்பிச் சென்ற நாஞ்சில் நாட்டு வாலிபர், அப்பேரரசின் தலைநகரம் பசியால் வாடியதை அருகிலிருந்தே பார்த்திருப்பார். 1918 நவம்பரில் கெய்ஸர் முடிதுறந்து ஓடினார். கமிட்டியும் கலைந்தது.

தாயகம் திரும்ப வழியில்லாத பிள்ளையவர்கள் பெர்லினிலேயே தங்கினார். மணிப்பூரைச் சேர்ந்த லக்ஷ்மிபாய் அம்மையாரை விவாகம் செய்துகொண்டார். ஜெர்மனியின் வலதுசாரி தேசீயவாதிகளோடு நட்புப் பாராட்டினார். அது அவருடைய பிழையென்று சொல்ல நாம் தயங்கவில்லை. பகைவனின் பகைவன் நண்பனாவான் என்ற கணக்கை அவர் கடைசிவரை கைவிடவில்லை. ஆனால் மானத்தையும் கைவிடவில்லை. ஹிட்லர் இந்தியரை இழிவாகப் பேசியபோது, அந்நாட்டிலேயே வசித்துக்கொண்டு அதைக் கண்டித்தார். நாஜிகளின் பகை அவரைச் சூழ்ந்தது. 1934 மே 26-ந் தேதி, 42-வது வயதில், பெர்லினில் தேகவியோகமானார்.

தமது அஸ்தியைக் கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் தூவவேண்டுமென்பது அவருடைய விருப்பம் என்பர். லக்ஷ்மிபாய் அம்மையார் அதனைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து வருஷக்கணக்காகக் காத்துவந்தார். நாடு விடுதலை பெற்றும் பத்தொன்பது வருஷங்கள் கழிந்த பின்பே, 1966 செப்டம்பரில், நமது கடற்படை அந்த அஸ்தியைக் கொச்சிக்குக் கொண்டுசென்றது. கொண்டுசென்ற கப்பலின் பெயர் டில்லி. 1948-ல் நாம் பிரிட்டனிடமிருந்து வாங்குமுன் அதற்கு ஆக்கிலீஸ் என்று பெயர். 1939 டிசம்பரில் தென் அமெரிக்கக் கரையருகே கிராப் ஸ்பீ என்னும் ஜெர்மன் யுத்தக் கப்பலை எதிர்த்துப் போரிட்ட கப்பல்களில் அதுவும் ஒன்று. எம்டனில் ஒருபோதும் ஏறியிராத செண்பகராமன் பிள்ளை, அந்தக் கப்பலில்தான் ஊர் திரும்பினார்.