தானியேல் பூர் ஐயர்

மதுரை அமெரிக்கன் கல்லூரியின் நூல்நிலையம் தானியேல் பூர் நினைவு நூல்நிலையம் என வழங்குவதை நம் மாணவர் யாவரும் அறிவர். அப்பெயருக்குரிய பெரியாரின் வரலாற்றை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. ஆணும் பெண்ணும் ஒருங்கே கற்கும் உயர்நிலைப் பள்ளிகளும், அவற்றின் மேல் அமைந்த உயர்தர வகுப்புகளும் இன்று நமக்குப் புதுமையல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்னாளில் அதற்கு வித்திட்டோருள் ஒருவராகிய இவருடைய வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

பூர் ஐயர் 1789ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் நாட்டு டான்வர்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியிலும், பின் ஆண்டோவர் இறையியற் கலாசாலையிலும் பயின்றார். 1815இல் மனைவியார் சூசன் அம்மையாருடனும் பிற தொண்டருடனும் டிரையாட் என்னும் கப்பலேறி, மறு ஆண்டு கொழும்பை அடைந்தார். அங்கிருந்து யாழ்ப்பாணஞ் சென்று 1816இல் தெல்லிப்பழையிற் குடியேறினார். தமிழ் ஓரெழுத்தும் அறியாது வந்தவர், பின்னர்த் தமிழர் நடுவே தடையின்றிச் சொற்பொழிவாற்றும் வன்மை பெற்றார். இஃது எளிதன்று என்பதைத் தமிழையே தாய்மொழியாகக் கொண்டும் இலக்கணத்திற் படாதபாடு படும் நாம் நன்குணர்வோம்.

தெல்லிப்பழையில் அவர் தொடங்கிய விடுதிப் பள்ளியிற் சிறுவர் வந்து சேர்ந்தனர். சில ஆண்டுகளிற் சிறுமியர் சிலரும் சேர்ந்தனர். இதன் அருமையை அக்காலத்து நிலையறிந்தே மதித்தல் வேண்டும். பெண்மக்கள் எழுத்தறிதல் நற்குடிக்கு இழுக்கு என்று எண்ணிய காலம் அது. 1821இல் சூசன் அம்மையார் காலமானார். ஐயரோ தம் பணியை விட்டாரல்லர். 1824இல் பல ஊர்களில் இருந்த பெண்பிள்ளைகள் உடுவிலில் ஒருங்கு சேர்க்கப்பட்டனர். வின்சுலோ ஐயரின் மனைவியார் அவர்தம் கல்வியை ஏற்றார். அந்நாளைய பெற்றோரின் அச்சத்திற்கு இப்பிரிவினை ஏற்றதாயிருக்கலாம். எனினும் உயர்கல்வி ஆண்களுக்கு வட்டுக்கோட்டையிற் பெருகியவாறு பெண்களுக்கு உடுவிலிற் பெருகவில்லை என்பதையும் நாம் மறைத்தற்கில்லை.

வட்டுக்கோட்டையில் 1823இல் ஐயரின் தலைமையில் எழுந்த கலாசாலையே அவருடைய பெரும்பணி. அதனைக் கல்லூரி எனவே நிறுவ அவர்கள் விரும்பினர். இலங்கைத் தேசாதிபதி அதற்கு இசையவில்லை. ஆகவே செமினரி என்ற பெயரோடு அமைந்தனர். பெயர் சிறிதாயினும் பாடம் சிறிதன்று. ஆங்கிலம், கணிதம், வான நூல் முதலியவற்றோடு நன்னூலும் திருக்குறளும் அங்குக் கற்பிக்கப்பட்டன. ஊர்ப்பள்ளியில் தொடங்கி, விடுதிப் பள்ளியில் வளர்ந்து, அதன்மேல் உயர்வகுப்பில் முதிரும் படிமுறை ஒன்று இவ்வாறு உருவாயிற்று.

1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்தைப் பற்றி நிகழ்ந்த வழக்குச் சுவையானது. விசுவநாதர் என்னும் பஞ்சாங்க கணிதர் குறித்த தொடக்க நேரத்தில் கால்மணிப் பிழை உளதென ஐயர் முன்னரே கூறினார். அவ்விரவு ஊரார் நோக்கியிருக்க, ஐயர் கணக்கே ஒத்தது. இதனை மிஷனெரிமார் தம் சமயத்திற்குக் கிடைத்த வெற்றியாகவே எழுதினர். தொலைநோக்கியும் புதிய அட்டவணையும் இன்றி, முன்னோர் வாய்பாட்டைக் கொண்டே கால்மணி அளவிற்கு நெருங்கிய அக்கணிதரின் புலமையும் வியக்கத்தக்கதே என்பது நம் கருத்து.

1834இல் டாட், ஹாய்சிங்டன் ஐயன்மார் மதுரையில் மிஷனைத் தொடங்கினர். 1836இல் பூர் ஐயரும் இங்கு வந்தார். வந்தவர் 37 பள்ளிகளை நிறுவித் தாமே மேற்பார்த்தார். குதிரைமேல் ஊர்தோறும் சென்று, இறங்காமலே சேணத்தில் இருந்தபடி கூடியவர்க்கு உரையாற்றுவது அவர் வழக்கம். 1841இல் அவர் யாழ்ப்பாணம் மீண்டார். மறு ஆண்டு திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. இன்று திருநகர் மாணவர் நகருக்கு வரும் சாலையில் உள்ளது அம்மலை. அங்கேயே 1881இல் நம் கல்லூரியும் பிறந்தது.

1848இல் தாய்நாடு சென்று மீண்ட ஐயர், 1855 பெப்ருவரியில் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார். அவ்வாண்டே அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் தீர்மானத்தால் வட்டுக்கோட்டைக் கலாசாலை மூடப்பட்டது. ஆங்கிலங் கற்றோர் ஊர்ப்போதகராகாது உத்தியோகம் நாடிச் செல்கின்றனர் என்பதே குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அங்குக் கற்ற கரோல் விசுவநாத பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். பின்னவர் கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். தமிழ் பயிலும் நாம் அக்குற்றச்சாட்டை அவ்வளவு எளிதில் ஒப்புதற்கில்லை.

மூடிய கதவு 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயரோடு திறந்தது. தெல்லிப்பழைப் பள்ளி யூனியன் கல்லூரியாக வளர்ந்தது. 1990இல் போரினால் ஊரோடு இடம்பெயர்ந்து, பின்னர்த் தன்னிடம் மீண்டது. இவ்விரண்டும் இன்று கலவன் பாடசாலைகள். பல்கலைக்கழகத்திற்கு வாயிலாகிய இரண்டாண்டு உயர்தர வகுப்பில் ஆண்மக்களோடு பெண்மக்களும் அமர்ந்து கற்கின்றனர்.