ஜாக் கென்ட் குக்

ஜாக் கென்ட் குக் (அக்டோபர் 25, 1912 - ஏப்ரல் 6, 1997) கனடாவில் பிறந்த அமெரிக்கத் தொழிலதிபர் ஆவார். வானொலி, பத்திரிகை, கம்பிவடத் தொலைக்காட்சி ஆகிய துறைகளில் பொருளீட்டிய இவர், வட அமெரிக்காவின் பல தொழில்முறை விளையாட்டு அணிகளின் உரிமையாளராக அறியப்படுகிறார்.

இளமை

ஒண்டாரியோ மாகாணத்தின் ஹாமில்டன் நகரில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வீடு வீடாகச் சென்று கலைக்களஞ்சியங்கள் விற்றார். பின்னர் ராய் தாம்சனின் வானொலி நிறுவனத்தில் பணியில் சேர்ந்து, அவருடைய பங்காளியாக உயர்ந்தார். 1944 ஆம் ஆண்டு டொராண்டோவில் ஒரு வானொலி நிலையத்தை வாங்கி அதற்கு சிகேஇஒய் எனப் பெயரிட்டார்.

விளையாட்டு அணிகள்

1951 இல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்னும் அடிப்பந்தாட்ட அணியை வாங்கினார். முதன்மைக் கூட்டமைப்பு அணி ஒன்றை டொராண்டோவிற்குக் கொண்டுவர இவர் எடுத்த முயற்சிகள் பலனளிக்கவில்லை. 1960 இல் அமெரிக்கக் காங்கிரசின் சிறப்புச் சட்டத்தின் மூலம், வழக்கமான காத்திருப்புக் காலமின்றி அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

1965 இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்தாட்ட அணியை 51 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். அடுத்த ஆண்டு 20 லட்சம் டாலர் கட்டணத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் என்னும் புதிய பனி ஹாக்கி அணிக்கான உரிமத்தைப் பெற்றார். நகரிலிருந்த அரங்கைப் பயன்படுத்துவதில் அதன் நிர்வாக ஆணையத்துடன் உடன்பாடு ஏற்படாததால், இங்கிள்வுட்டில் சொந்தமாக ஓர் அரங்கைக் கட்டினார். ஃபோரம் எனப்படும் இவ்வரங்கம் 1967 டிசம்பரில் திறக்கப்பட்டது. விளையாட்டுப் போட்டிகளுடன் இசை நிகழ்ச்சிகளும் இங்கு நடைபெற்றன.

1971-72 பருவத்தில் தொடர்ச்சியாக 33 ஆட்டங்களில் வென்ற லேக்கர்ஸ், லாஸ் ஏஞ்சலசுக்கு வந்த பின் தனது முதல் வாகையர் பட்டத்தைப் பெற்றது. குக்கின் காலத்தில் கிங்ஸ் அணி ஸ்டான்லி கிண்ணத்தை ஒருமுறையும் வெல்லவில்லை.

குத்துச்சண்டை

1971 மார்ச் 8 இல் நியூயார்க்கில் நடந்த முகம்மது அலி - ஜோ ஃபிரேசியர் போட்டிக்கு முதலீட்டின் பெரும்பகுதியை, அதாவது 45 லட்சம் டாலரை, குக் வழங்கினார். இரு வீரர்களும் தலா 25 லட்சம் டாலர் பெற்றனர். திரையரங்குகளிலும் அரங்குகளிலும் கட்டணம் பெற்றுக் காட்டப்பட்ட நேரடி ஒளிபரப்பு இம்முதலீட்டிற்கு அடிப்படையாக அமைந்தது.

விற்பனையும் வாஷிங்டனும்

முதல் மனைவியுடனான மணமுறிவில் குக் 4 கோடி டாலருக்கும் மேல் வழங்க நேர்ந்தது. 1979 இல் இரு அணிகளையும் ஃபோரம் அரங்கையும் ஒரு பண்ணையையும் 6 கோடியே 75 லட்சம் டாலருக்கு ஜெரி பஸ்ஸிடம் விற்றார். அதன்பின் தாம் முன்னரே பங்குகள் வைத்திருந்த வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் அமெரிக்கக் காற்பந்து அணியில் கவனம் செலுத்தினார். 1981 இல் ஜோ கிப்ஸ் பயிற்சியாளரானார். அவரது பயிற்சியில் அவ்வணி 1983, 1988, 1992 ஆம் ஆண்டுகளில் சூப்பர் போல் போட்டியில் வென்றது.

மறைவும் மரபும்

மேரிலாந்தில் குக் கட்டிவந்த புதிய காற்பந்து அரங்கம், அவர் இறந்து சில மாதங்களுக்குப் பின் 1997 செப்டம்பரில் அவர் பெயரால் திறக்கப்பட்டது. 1999 இல் அப்பெயர் மாற்றப்பட்டது. தம் சொத்தின் பெரும்பகுதியைக் கல்வி அறக்கட்டளை ஒன்றை நிறுவ எழுதி வைத்ததால், அணியை விற்க வேண்டியதாயிற்று. அதை வாங்க மகன் ஜான் கென்ட் குக் முயன்றும் இயலவில்லை. 1999 இல் டேனியல் ஸ்னைடர் தலைமையிலான குழு அணியையும் அரங்கையும் 80 கோடி டாலருக்கு வாங்கியது. 2000 இல் தொடங்கப்பட்ட ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை, பொருள் வசதி குறைந்த திறமையான மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்குகிறது.