ஜியோவன்னி மிக்கெலொட்டி

ஜியோவன்னி மிக்கெலொட்டி (அக்டோபர் 6, 1921 – சனவரி 23, 1980) இத்தாலியைச் சேர்ந்த தானுந்து உடற்கூடு வடிவமைப்பாளர் ஆவார். சென்னையை அடுத்த வண்டலூரில் உற்பத்தி செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு தானுந்தின் மூல வடிவம் இவர் வரைந்ததாகும்.

தொழில் வாழ்க்கை

தூரின் நகரில் பிறந்த இவர், பதின்ம வயதிலேயே ஸ்தபிலிமெந்தி ஃபரினா என்னும் உடற்கூட்டுப் பட்டறையில் பயிலுநராகச் சேர்ந்தார். அக்காலப் பட்டறைகளில் வண்டியின் வடிவத்தை முதலில் முழு அளவுப் படமாக வரைவர். அப்படத்தின்படி மரத்தால் அச்சு செய்து, உலோகத் தகட்டைச் சுத்தியலால் தட்டி, அச்சின் வளைவுகளுக்குப் பொருந்தச் செய்வர்.

1949 இல் மிக்கெலொட்டி சொந்தமாக வடிவமைப்பகம் தொடங்கினார். வின்யாலே, கியா, பெர்டோனே, அலெமானோ முதலிய பட்டறைகளுக்கு வரைந்து கொடுத்தார். வண்டிகளில் பட்டறையின் பெயரே பொறிக்கப்பட்டது. இதனால் ஃபெராரி, மசெராட்டி வண்டிகள் பலவற்றின் வடிவமைப்பாளர் இவர் என்பதைப் பொதுமக்கள் அறியவில்லை.

ஹெரால்டு

1957 இல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் இவருடைய உதவியை நாடியது. அந்நிறுவனத்துக்கு உடற்கூடு வழங்கிவந்த ஆலை 1953 இல் போட்டி நிறுவனத்தின் கைக்குச் சென்றிருந்தது. முழு உடற்கூட்டையும் ஒன்றாகச் செய்துதர வேறு ஆலை கிடைக்காததால், வெவ்வேறு ஆலைகளில் செய்த பகுதிகளைத் தனி அடிச்சட்டத்தின் மீது மரையாணிகளால் பூட்டும் முறை கையாளப்பட்டது. அம்முறைக்கு ஏற்ப இவர் வடிவமைத்த டிரையம்ப் ஹெரால்டு 1959 இல் வெளிவந்தது.

பகுதிகளை இணைத்து வண்டியாக்கும் இம்முறை பிற நாடுகளில் பொருத்துவதற்கும் ஏற்றதாக இருந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இதனை வண்டலூரில் தயாரித்தது. இங்கிலாந்தில் இரு கதவுகளுடன் மட்டுமே விற்கப்பட்ட ஹெரால்டுக்கு, இந்தியாவில் பின்னர் நான்கு கதவுகள் அமைக்கப்பட்டன. இதன் வழிவந்த ஸ்டாண்டர்டு கேசல் 1972 இல் அறிமுகமானது. அந்நிறுவனம் இப்போது இயங்கவில்லை.

பிற படைப்புகள்

பிஎம்டபிள்யூ 700 (1959), டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் (1962), டிரையம்ப் 2000 (1963), சப்பானின் ஹினோ கான்டெசா 1300 (1964), நெதர்லாந்தின் டாஃப் 44 (1966) ஆகியவை இவருடைய வடிவமைப்புகளுள் சில.

மறைவு

மிக்கெலொட்டி 1980 இல் தூரினில் காலமானார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவமைப்புகளை இவர் உருவாக்கினார். அவற்றுள் பெரும்பாலானவை பிறர் பெயரிலேயே சாலைக்கு வந்தன.