முதலாம் குலோத்துங்க சோழன்

முதலாம் குலோத்துங்க சோழன், கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு கி.பி. 1070 முதல் ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆண்ட சோழப் பேரரசன் ஆவான். தந்தை வழியில் சாளுக்கியனாகவும் தாய் வழியில் சோழனாகவும் பிறந்த இவனிலிருந்து தொடங்கும் மரபு சாளுக்கிய சோழர் எனப்படுகிறது.

பிறப்பும் உறவும்

இவனது இயற்பெயர் இராசேந்திரன். தந்தை வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரன். தாய் முதலாம் இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கை தேவி. தந்தை வழிப் பாட்டி குந்தவையும் முதலாம் இராசராசனின் மகளே. இரண்டாம் இராசேந்திர சோழனின் மகள் மதுராந்தகியை இவன் மணந்தான். தந்தை இறந்தபின் வேங்கி அரியணை இவனது சிற்றப்பன் ஏழாம் விசயாதித்தனிடம் சென்றது.

அரியணை ஏறுதல்

1070 இல் வீரராசேந்திர சோழன் இறந்தான். அடுத்து முடிசூடிய அதிராசேந்திரனும் சில மாதங்களில் இறந்தான். அவன் நோயால் இறந்தானா, கலகத்தில் கொல்லப்பட்டானா என்பதில் வரலாற்றாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நேர் ஆண்வாரிசு இல்லாத நிலையில் இராசேந்திரன் சோழ அரியணையைக் கைப்பற்றினான். சில ஆண்டுகளுக்குப் பின், குலத்தை உயர்த்துபவன் எனப் பொருள்படும் குலோத்துங்கன் என்ற பெயர் கல்வெட்டுகளில் இடம்பெறலாயிற்று.

ஆட்சி

அரசுரிமைக் குழப்பத்தின்போது ஈழத்தில் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். குலோத்துங்கன் ஈழத்தை மீட்க நெடும்போர் நடத்தாமல் உள்நாட்டு ஆட்சியிலும் வணிகத்திலும் கருத்தூன்றினான். வணிகப் பொருட்கள் மீதான சுங்கத்தை நீக்கியதால் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான். 1086 இல் நிலங்களை மீண்டும் அளக்கச் செய்தான். 1077 இல் 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனா சென்றது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரங்களுக்குரிய ஊர்களுக்கு இவன் வரிவிலக்கு அளித்ததைச் சிறிய லெய்டன் செப்பேடு கூறுகிறது.

கலிங்கப் போர்

ஏறத்தாழ 1110 இல் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் சென்ற சோழப்படை கலிங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கனை வென்றது. செயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணி இவ்வெற்றியைப் பாடும் நூல் ஆகும். இவனது பிறப்பையும் இளமையையும் அந்நூல் விரித்துரைக்கிறது.

இறுதிக் காலம்

1116 அளவில் கங்கபாடியைப் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் கைப்பற்றினான். சில ஆண்டுகளில் வேங்கியும் மேலைச் சாளுக்கியர் வசமானது. எல்லைகள் சுருங்கியபோதும் தமிழகத்தில் சோழர் ஆட்சி நிலைபெற்றிருந்தது. தாய் வழி உரிமையால் வந்த குலோத்துங்கனுக்குப் பின் அவன் மகன் விக்கிரம சோழன் எதிர்ப்பின்றி அரியணை ஏறினான். சாளுக்கிய சோழர் மரபு மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.